வரைபடம் சிவந்தால் பங்கு வாங்கலாமா?

கோவையில் ஒரு ஐடி நிறுவனத்தில் டேட்டா அனலிஸ்டாக வேலை பார்க்கும் 37 வயது வாசகர் எழுதிய நீண்ட கடிதம் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

ஆன்லைன் வகுப்பு ஒன்றில் சமூக வலையமைப்புப் பகுப்பாய்வைக் கற்றுக்கொண்டிருக்கிறார். யார் யாரோடு தொடர்பில் இருக்கிறார்கள் என்பதைப் புள்ளியும் கோடுமாக வரைந்து, கூட்டத்தில் முக்கியமான ஆள் யார், இரண்டு பக்கத்தையும் நடுவில் நின்று இணைப்பவர் யார் என்று கணக்கிடும் முறை அது. செய்திகள், குற்றப்பத்திரிகைகள், சில டெலிகிராம் சேனல்கள் ஆகியவற்றிலிருந்து தகவல் திரட்டி, ஒரு பயங்கரவாத அமைப்புக்கு 214 புள்ளிகள் கொண்ட வரைபடம் தயாரித்திருக்கிறார். கோடுகள் திடீரென்று நெருக்கமானால் வரைபடம் சிவப்பாகும். சிவந்தால் தாக்குதல் நெருங்குகிறது என்று பொருள். தாக்குதல் நடந்தால் பாதுகாப்புத் துறைப் பங்குகள் ஏறும். இதுதான் அவருடைய கணக்கு.

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட இரண்டு நாள் கழித்து வாங்கிய பங்குகளை மே மாத நடுவில் விற்றதில் 1.9 லட்ச ரூபாய் லாபம் வந்தது. "அளவுகோலைக் கொஞ்சம் சரிசெய்து மறுபடி ஓட்டிப் பார்த்தேன் மேடம், ஏப்ரல் 17-லேயே சிவப்பு காட்டியது" என்று எழுதுகிறார். அந்தத் தைரியத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மூன்று முறை வரைபடம் சிவந்தபோது கால் ஆப்ஷன் (பங்கு விலை ஏறினால் லாபம் தரும், கெடு தேதி உள்ள ஒப்பந்தம்) வாங்கி, 3.4 லட்சத்தை இழந்திருக்கிறார். நவம்பர் 10 அன்று டெல்லி செங்கோட்டை அருகே கார் வெடித்தபோது வரைபடம் பச்சையாகவே இருந்ததாம். ஆனாலும் ஓய்வுபெற்ற அப்பாவின் 14 லட்சத்தை இதில் போட நினைக்கிறார். மாதம் 999 ரூபாய் கட்டணத்தில் ஒரு டிப்ஸ் சேனல் தொடங்கலாம் என்று நண்பர் சொல்கிறார். பள்ளி ஆசிரியையான மனைவியோ, "எங்க குண்டு வெடிக்கும்னு காத்துக்கிட்டு இருக்கீங்களா? அந்தக் காசு இந்த வீட்டுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். நஷ்டம் ஒரு லட்சம் என்றுதான் மனைவிக்குத் தெரியும்.

இந்த முறை பலிக்குமா, இது உள்வணிகக் குற்றமாகுமா (நிறுவனத்தின் ரகசியத் தகவலை வைத்துப் பங்கு வர்த்தகம் செய்வது), சேனல் தொடங்கலாமா, மனைவி சொல்வது சரியா? இந்த நான்கும்தான் கேள்விகள்.

அன்புள்ள நண்பருக்கு,

நஷ்டக் கணக்கை மறைக்காமல் எனக்கு எழுதியதற்கு நன்றி. பலரும் லாபத்தை மட்டும்தான் எழுதுவார்கள். நான் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர், வழக்கறிஞர் அல்ல. அதனால் சட்டம் வரும் இடங்களில் பொதுவாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

நடந்த பிறகு வரைவது வேறு

நீங்கள் கற்றுக்கொண்ட முறை உண்மையானது. 2003 டிசம்பரில் சதாம் உசேன் திக்ரித் அருகே பிடிபட்டதற்கு, அவருடைய உறவினர்கள், மெய்க்காப்பாளர்கள், குலத்தொடர்புகள் ஆகியவற்றை அமெரிக்க ராணுவத்தினர் கோடு கோடாக வரைந்து பின்தொடர்ந்தது ஒரு முக்கியக் காரணம். ஆனால் அங்கே தேடப்பட்டவர் யார் என்பது முன்பே தெரியும். கேள்வி "எங்கே இருக்கிறார்" என்பது மட்டும்தான். "யார், எப்போது, எங்கே" என்ற மூன்றையும் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கண்டுபிடிக்க நினைக்கிறீர்கள் நீங்கள்.

இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் வேலை வால்டிஸ் கிரெப்ஸ் என்பவருடையது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, பத்திரிகைச் செய்திகளை மட்டும் வைத்துக்கொண்டு, விமானங்களைக் கடத்திய 19 பேரின் வலையமைப்பை அவர் வரைந்தார். கடத்தியவர்களின் தலைவரான முகமது அட்டா நடுநாயகமாக வந்தார். ஆனால் எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தக் கூட்டம் வியக்கத்தக்க அளவுக்குச் சிதறிக் கிடந்தது. நம்பிக்கையான தொடர்புகளை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒருவரிடமிருந்து இன்னொருவரை அடையச் சராசரியாக நாலே முக்கால் படி தாண்ட வேண்டியிருந்தது. ஒரே விமானத்தில் ஏறப்போகிறவர்களிடையே கூட நேரடிக் கோடு இல்லாத நிலை. எப்போதாவது நடந்த சில சந்திப்புகள்தான் அவர்களைச் சேர்த்தன, வேலை முடிந்ததும் மறுபடி பிரிந்துவிட்டார்கள். தடுப்பதைவிட, நடந்த பிறகு வழக்குக்கு உதவுவதில்தான் இந்த முறை நன்றாக வேலை செய்கிறது என்று கிரெப்ஸே சொல்லியிருக்கிறார்.

உங்கள் வரைபடம் எதற்குச் சிவக்கிறது? கோடுகள் நெருங்கும்போது, அதாவது சேனல்களில் பேச்சு கூடும்போது. உண்மையான தாக்குதல் குழுவோ பேச்சைக் குறைக்கத்தான் பார்க்கும். நீங்கள் அளந்துகொண்டிருப்பது பெரும்பாலும் வெளியே நின்று கூச்சல் போடுகிறவர்களின் சத்தத்தை. செங்கோட்டை அன்று பச்சையாக இருந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. ஏற்கனவே பெயர் வெளிவந்தவர்கள் மட்டும்தான் உங்கள் 214 புள்ளிகளில் இருக்க முடியும்.

அப்புறம், அந்த ஏப்ரல் 17. அளவுகோலை எப்போது சரிசெய்தீர்கள்? தாக்குதலுக்குப் பிறகு. விடைத்தாளைப் பார்த்துவிட்டுக் கேள்விக்குப் பதில் எழுதியது போலத்தான் அது. உங்கள் தொழிலில் இதற்குப் பெயரே இருக்கிறது, ஓவர்ஃபிட்டிங் என்பீர்கள். அலுவலக வேலையில் ஒரு ஜூனியர் இப்படிச் செய்திருந்தால் நீங்களே திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

சரி, வரைபடம் மிக நல்லது, 95 சதவீத நாட்களில் சரியாகச் சொல்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வருடத்துக்குச் சுமார் 250 வர்த்தக நாட்கள். மீதி 5 சதவீதத்தில் வருடம் 12, 13 தடவை வெறுமனே சிவக்கும். எல்லை தாண்டிய ராணுவ நடவடிக்கை வரை போன புல்வாமாவுக்கும் பஹல்காமுக்கும் நடுவே ஆறு வருடங்கள். அந்த ஆறு வருடத்தில் 75 பொய் எச்சரிக்கைகள். ஒவ்வொன்றுக்கும் ஆப்ஷன் பிரீமியம் (ஆப்ஷனை வாங்கக் கொடுக்கும் விலை) கட்டிக்கொண்டே வந்தால், 76-வது முறை உண்மையாக இருக்கும்போது கையில் பணம் இருக்காது.

தாக்குதல் நடந்தால் பங்கு ஏறுமா?

இந்த நம்பிக்கை 2001 செப்டம்பர் 17 அன்று பிறந்தது என்று சொல்லலாம். ஆறு நாள் மூடியிருந்த நியூயார்க் சந்தை அன்று திறந்தபோது டவ் ஜோன்ஸ் 7 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. ஆனால் ஆயுதம் செய்யும் அமெரிக்க நிறுவனங்களான ரேதியான், லாக்ஹீட் மார்ட்டின், நார்த்ராப் கிரம்மன் எல்லாம் இரண்டு இலக்கச் சதவீதத்தில் ஏறின. 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலுக்குப் பின் வந்த திங்கட்கிழமையும் நார்த்ராப் ஒரே நாளில் சுமார் 11 சதவீதம் ஏறியது. இதெல்லாம் உண்மை. அதே 2001 செப்டம்பர் 17-ல், போர் விமானங்களும் செய்கிற போயிங் பலமாக விழுந்தது என்பதை மட்டும் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அதன் பயணிகள் விமான வியாபாரத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் விற்றார்கள்.

இந்தியாவில் இந்தத் தொடர்பு இன்னும் பலவீனமானது. மும்பைத் தாக்குதல் நடந்துகொண்டிருந்த 2008 நவம்பர் 28 அன்று, ஒரு நாள் விடுமுறைக்குப் பின் திறந்த சந்தையில் சென்செக்ஸ் 66 புள்ளிகள் ஏறி முடிந்தது. 2025-ல் நீங்கள் பார்த்த பெரிய ஏற்றமும் தாக்குதல் தந்த ஏற்றம் அல்ல என்பது என் கருத்து. தேதிகளைப் பாருங்கள். மே 7-ல் ஆபரேஷன் சிந்தூர். சண்டை தீவிரமாக இருந்த மே 8, 9 தேதிகளில் சந்தை இறங்கியது. மே 10-ல் சண்டை நிறுத்தம். மே 12 திங்கட்கிழமை நிஃப்டி ஒரே நாளில் 916 புள்ளிகள் ஏறியது. நம் நாட்டில் செய்த ஏவுகணைகளும் வான்காப்பு அமைப்புகளும் களத்தில் வேலை செய்தன, இனி ஆர்டர் வரும் என்ற எண்ணத்தில்தான் பாதுகாப்புப் பங்குகளை மக்கள் வாங்கினார்கள். உங்கள் லாபம் அந்த அலையில் வந்தது. ஏப்ரல் 17-ல் வரைபடம் என்ன நிறத்தில் இருந்தாலும் அது வந்திருக்கும்.

இந்தப் பங்குகளை உண்மையில் எது அசைக்கிறது என்று தெரிய வேண்டுமானால் போர் விமானம் செய்யும் அரசு நிறுவனமான ஹெச்ஏஎல்லைப் பாருங்கள். 2024 ஜூலையில் 5,600 ரூபாயைத் தாண்டியிருந்த பங்கு, 2025 மார்ச் தொடக்கத்தில் 3,100-க்கும் கீழே போனது. கிட்டத்தட்டப் பாதி விலை. அந்தச் சமயத்தில் முதலீட்டாளர்களை வாட்டிய கவலைகளில் ஒன்று, தேஜஸ் மார்க் 1ஏ விமானத்துக்கு அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய இன்ஜின் வரவில்லை என்பது. 2021 பிப்ரவரியில் 83 விமானங்களுக்கு ஒப்பந்தம், 2024-ல் விநியோகம் தொடங்க வேண்டும், முதல் இன்ஜின் வந்ததே 2025 மார்ச்சில். எந்தப் பயங்கரவாத வரைபடத்திலும் அந்த இன்ஜின் இருக்காது. 2025 செப்டம்பரில் இன்னும் 97 விமானங்களுக்கு 62,370 கோடி ரூபாய் ஒப்பந்தம் வந்தது. இப்படிப்பட்ட செய்திகளையும், மத்திய பட்ஜெட்டின் மூலதனச் செலவையும் (2025-26-ல் பாதுகாப்புக்கான 6.81 லட்சம் கோடியில் 1.80 லட்சம் கோடி) படிப்பதுதான் இந்தத் துறையில் முதலீட்டாளரின் வீட்டுப்பாடம். ராணுவத்துக்கு எதை வாங்கலாம் என்று முடிவு செய்யும் பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சில் ஒப்புதல் தந்தது என்ற தலைப்புச் செய்தி வந்ததுமே பலர் வாங்கப் பாய்கிறார்கள். ஒப்புதல் வேறு, கையெழுத்தான ஒப்பந்தம் வேறு. நடுவில் வருடங்கள் ஓடும்.

ஆப்ஷனில் இன்னொரு சிக்கலும் உண்டு. பதற்றம் கூடும்போது பிரீமியமும் விலை ஏறிவிடும், நாள் போகப் போகக் கரையும். திசையைச் சரியாகக் கணித்தவர்களே நஷ்டப்படுவது இதனால்தான். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் அடைந்ததாக, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் ஆய்வு சொல்கிறது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய். உங்கள் 3.4 லட்சம் ஒரு பெரிய கூட்டத்தின் ஒரு துளி, அதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம்.

சட்டம், அந்த டெலிகிராம் சேனல்கள்

பொதுவில் கிடைக்கும் தகவலை நீங்களே அலசி எடுத்த முடிவு உள்வணிகம் ஆகாது. செபியின் 2015 விதிமுறைகள், ஒரு நிறுவனத்தையோ அதன் பங்குகளையோ பற்றிய, வெளியே வராத, விலையை அசைக்கக்கூடிய தகவலைத்தான் பிடிக்கின்றன. அந்த வகையில் நிம்மதியாக இருங்கள்.

நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. நீங்கள் நான்கு சேனல்களில் உங்கள் சொந்த எண்ணோடு உறுப்பினராக இருக்கிறீர்கள். இதே வரைபடத்தைப் புலனாய்வுத் துறையில் ஒருவர் வரைந்தால், அதில் 215-வது புள்ளி நீங்கள்தான். சேனலைப் படித்ததாலேயே யாரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. ஆனால் கோடுகளை மட்டும் பார்க்கும் ஒருவருக்கு நீங்கள் ஏன் அங்கே இருக்கிறீர்கள் என்பது தெரியாது. அல் ஜசீராவின் இஸ்லாமாபாத் தலைமைச் செய்தியாளராக இருந்த அகமது ஸைதானுக்கு நடந்தது இதுதான். அல் கொய்தா தலைவர்களைப் பேட்டி எடுக்கப் போய்வந்த அவருடைய பயணமும் தொலைபேசித் தொடர்பும் அந்த அமைப்புக்குச் செய்தி சுமந்து செல்பவனுடையதைப் போலவே தெரிந்ததால், அமெரிக்க உளவு அமைப்பின் கணினி அவரை அல் கொய்தா ஆளாகவே அடையாளம் காட்டியிருந்தது. 2015-ல் வெளியான ரகசிய ஆவணங்களில்தான் அது தெரியவந்தது. இங்கே சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான உபாவில் ஒரு விசாரணை தொடங்கினால், நீங்கள் நிரபராதி என்று நிரூபணமாவதற்குள் வேலையும் நிம்மதியும் போய்விடும்.

அதனால் அந்தச் சேனல்களிலிருந்து வெளியேறுங்கள். அங்கே இறக்கிய படம், வீடியோ எதையும் யாருக்கும் அனுப்பாதீர்கள். உண்மையான மனிதர்களின் பெயர் உள்ள அந்த வரைபடத்தை எங்கும் வெளியிடாதீர்கள். தவறாக ஒரு கோடு போட்டால் பாதிக்கப்படுவது ஒரு குடும்பம். யாராவது உங்களை விசாரித்தால், பதில் சொல்வதற்கு முன் குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

டிப்ஸ் சேனல் விஷயம் சுருக்கமானது: வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்ல, செபியிடம் முதலீட்டு ஆலோசகராகவோ ரிசர்ச் அனலிஸ்ட்டாகவோ பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்துகிறவர்களிடம் வசூலித்த தொகையைத் திருப்பித் தரச் சொல்லி, சந்தையிலிருந்தே செபி தடை செய்கிறது. "கல்விக்காக மட்டும்" என்று கீழே ஒரு வரி போட்டால் தப்பித்துக்கொள்ள முடியாது.

உங்கள் மனைவி கேட்ட கேள்வி

இதைக் கடைசிக் கேள்வியாக வைத்திருக்கிறீர்கள். நான் இதைத்தான் முதலில் படித்தேன்.

வரைபடம் தவறாக இருந்தால் பணம் போகும், அதை மேலே பார்த்துவிட்டோம். சரியாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அடுத்த வாரம் ஒரு இடத்தில் மனிதர்கள் சாகப்போகிறார்கள் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிகிறது. அப்போது அழைக்க வேண்டியது புரோக்கரையா, 112-ஐயா? காவல் துறையிடம் சொன்னால் தாக்குதல் நடக்காது, பங்கும் ஏறாது. உங்கள் முறையில் லாபம் வர ஒரே வழி, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பது. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்பது கடிதத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. அப்படியானால் இந்த முறை உங்களுக்கு எந்தக் காலத்திலும் பயன்படாது.

வேறொரு நாட்டில் இந்தக் கேள்வி அரசாங்க அளவிலேயே வந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான தார்ப்பா, மத்திய கிழக்கு நிகழ்வுகள் மீது வர்த்தகம் செய்யும் ஒரு சந்தையை 2003-ல் திட்டமிட்டது. விலையைப் பார்த்து ஆபத்தை முன்கூட்டியே அறியலாம் என்பது யோசனை. படுகொலையின் மீது பந்தயமா என்று இரண்டு செனட்டர்கள் ஜூலை இறுதியில் கேட்டார்கள், மறுநாளே திட்டம் கைவிடப்பட்டது. உங்கள் மனைவி கேட்டதும் அதே கேள்விதான்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாதுகாப்புத் துறைப் பங்கு வைத்திருப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டு வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் 2024 செப்டம்பரிலிருந்து பாரத் எலக்ட்ரானிக்ஸுக்கும் பங்குதாரர்தான். நாட்டுக்கு ராடார் செய்யும் நிறுவனத்தில் பத்து வருடத்துக்குப் பணம் போடுவதும், அடுத்த சாவுச் செய்திக்காக டெலிகிராமைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒன்றல்ல. மனைவியிடம் இந்த வித்தியாசத்தைப் பேசிப் பாருங்கள், அவர் ஒப்புக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியவை

அப்பாவின் 14 லட்சத்தைத் தொடவே வேண்டாம். அவர் இன்னும் அதை எங்கும் போடவில்லை என்றால் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2025-26-ல் 8.2 சதவீத வட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையில் வரும், உச்சவரம்பு 30 லட்சம். அவருடைய மருந்துச் செலவுக்கு அதுதான் பொருத்தம். உங்களுக்குப் பாதுகாப்புத் துறையில் ஆர்வம் இருந்தால், உங்கள் மொத்தப் பங்கு முதலீட்டில் 5 சதவீதத்துக்கு மேல் போகாமல், ஆப்ஷன் இல்லாமல், பங்காகவே வாங்குங்கள்.

வருமான வரியில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. மே மாத லாபம் குறுகிய கால மூலதன ஆதாயம், 20 சதவீத வரி. ஆப்ஷன் நஷ்டம் தொழில் நஷ்டமாகக் கணக்கிடப்படும். இரண்டும் ஒரே நிதியாண்டில் வருவதால் நஷ்டத்தை அந்த லாபத்தில் கழித்துக்கொள்ளலாம், சம்பளத்தில் கழிக்க முடியாது. மீதி சுமார் 1.5 லட்ச நஷ்டத்தை எட்டு வருடம் வரை அடுத்தடுத்த வருடக் கணக்குகளுக்கு எடுத்துச் செல்லலாம். ஆனால் ஐடிஆர்-3 என்ற வருமான வரிப் படிவத்தைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால் மட்டும்தான்.

உங்கள் திறமையை வீணாக்கவும் வேண்டாம். போலி இன்வாய்ஸ் கும்பல்களைப் பிடிக்க ஜிஎஸ்டி அதிகாரிகளும், மோசடிப் பணம் கைமாறும் வாடகைக் கணக்குகளைக் கண்டுபிடிக்க வங்கிகளும் இதே புள்ளி, கோடு கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் இதற்கென்றே மியூல்ஹன்டர் என்ற கருவியை உருவாக்கியிருக்கிறது. வங்கி மோசடித் தடுப்புப் பிரிவுகளில் இந்த வேலை தெரிந்தவர்களுக்கு இடம் இருக்கிறது. பயங்கரவாத ஆய்வுதான் பிடிக்கும் என்றால், மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் உலகப் பயங்கரவாதத் தரவுத்தளத்தில் 1970 முதலான பதிவுகள் உள்ளன. அதை வைத்துப் படியுங்கள், யாருடைய சேனலிலும் சேர வேண்டியதில்லை.

கடைசி ஆப்ஷன் ஒன்று இன்னும் காலாவதியாகாமல் கையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வர்த்தக நாள் காலையிலேயே கிடைக்கிற விலைக்கு விற்றுவிடுங்கள். அன்று மாலை புரோக்கர் தரும் முழு வருடக் கணக்கு அறிக்கையை அச்செடுத்து, அந்த 3.4 லட்சம் என்ற எண்ணை மறைக்காமல் மனைவியின் கையில் கொடுங்கள். ஒரு லட்சம் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கும்போது, மேலே சொன்ன எந்தத் திட்டத்தையும் நீங்கள் இருவரும் சேர்ந்து தொடங்க முடியாது.